மாமாங்கம் என்று எழுதிய பெட்டி

புதன்கிழமைகளில் தபால்பெட்டியில் விழும் ஊர்ப் பத்திரிகையை நான் புரட்டுவது எந்தக் கடையில் கோழி மலிவு என்று பார்க்கத்தான். அந்தப் புதன் நடுப்பக்கத்தில் என் புருசன் மாமாங்கம் சிரித்துக்கொண்டு நின்றார். கல்யாண வீடுகளுக்கே கட்டாத மனுசன் டை கட்டியிருந்தார். ஊரின் பழைய கடதாசிகளைச் சேர்த்து வைக்கும் காப்பகத்துப் பெண் ஒருத்தியிடம் அவர் நீட்டிக்கொண்டிருந்தது ஒரு நீல நிற பிஸ்கற் டின்.

அது என் டின்.

டென்மார்க் பட்டர் பிஸ்கற் வந்த டின் அது. மட்டக்களப்பில் என் அம்மா வீட்டு உறுதிப் பத்திரத்தை அதற்குள் வைத்துத்தான் என்னிடம் தந்தா. நாங்கள் டென்மார்க்குக்குக் குடிவந்தபோது கூடவே வந்ததால், பிறந்த நாட்டுக்கே திரும்பி வந்த டின் என்று ஆட்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சீதனம். அம்மா மூத்தவள் எனக்கு எழுதித் தந்தா. எனக்குப் பிறந்தது இரண்டும் ஆண்கள். நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிறவர்கள், அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றும் அறியார்கள். சண்டையிலும் சூறாவளியிலும் அசையாமல் கிடந்து, ஓடு மாற்றி, சுவர் பூசி அந்த வீட்டைக் காத்தவள் என் தங்கச்சி கோகிலா. அவளுடைய மகள் கிருசாந்திக்கு ஆவணியில் கல்யாணம். அதற்கு முன் நான் போய் வீட்டைப் பிள்ளையின் பெயருக்கு எழுத வேண்டும். உறுதி எழுதிய நொத்தாரிசிடம் இருந்த பிரதி சண்டையில் எரிந்துபோயிற்று. காணிப் பதிவுக் கந்தோரிலும் கோகிலா தேடிக் களைத்துவிட்டாள். டின்னுக்குள் இருக்கும் மூல உறுதி இல்லாவிட்டால் வீட்டை எழுத முடியாது, கல்யாணமும் நடக்காது. நான் டிக்கட்டும் எடுத்துவிட்டேன்.

மாமாங்கம் குசினியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். பத்திரிகையை அவர் முன்னால் அடித்து வைத்தேன்.

“இது என்ன கூத்து?”

“நெருப்புப் பிடிக்காத அறை, தங்கம். தண்ணியும் போகாது. பத்திரமாக் கிடக்கும்.”

“நாளைக்கே போய் வாங்கிட்டு வாங்க.”

அவர் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார். “குடுத்தாக் குடுத்ததுதான். திருப்பித் தர மாட்டாங்க.”

விவரம் தெரியாமல் செய்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். எதையும் வாசிக்காமல் கையெழுத்து வைக்கிற ஆள் அவர். அடுத்த நாள் முதியோர் இல்லத்து வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே காரை ஓட்டினேன்.

காப்பகம் நூலகத்தின் நிலக்கீழ் அறையில் இருந்தது. படத்தில் நின்ற பெண்தான் கதவைத் திறந்தாள். பெயர் நோரா. அயர்லாந்துக்காரி. பக்கத்து பிராண்டே நகரில் காற்றாலை வேலைக்கு வந்த புருசனோடு வந்தவள், டேனிஷை என்னைப் போலவே கடித்துக் கடித்துப் பேசினாள்.

“என் கணவர் தெரியாமல் தந்துவிட்டார்” என்றேன்.

நோரா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “தெரியாமல் தரவில்லையே” என்று ஒப்பந்தத்தை எடுத்து வைத்தாள். “எண்பது வருடம் யாரும் திறக்கக் கூடாது என்று அவர்தான் எழுதச் சொன்னார். குடும்பத்தில் யாரும் வந்து கேட்டால் கொடுப்பீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மனைவி கேட்டாலுமா என்றார். முடியாது என்றேன். உடனே சந்தோசமாகக் கையெழுத்து வைத்தார்.”

மனைவி கேட்டாலுமா! ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்ட மனுசன். என் வீட்டை என்னிடமிருந்தே ஒளிக்க அரசாங்கத்து அலுமாரியைத் தேடிப் போயிருக்கிறார். கிருசாந்தியின் முகம் கண்ணுக்குள் வந்தது.

“அதைத் திறவுங்கள். உள்ளே இருப்பது யாருடையது என்று நான் வாசித்துக் காட்டுகிறேன்.”

நோரா யோசித்தாள். பிறகு உள்ளே போய் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் கொண்டுவந்தாள். முகப்பில் பெரிய எழுத்தில் ‘மாமாங்கம்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே என் டின். உறுதியை விரித்து ஒவ்வொரு வரியாக டேனிஷில் சொன்னேன். எழுதிக் கொடுப்பவர் என் அம்மா. பெறுபவர் மகள் தங்கராணி.

“உங்கள் கணவரின் பெயர் எங்கே?”

“இல்லை.”

“சாட்சியாகக்கூட இல்லையா?”

“இல்லை. எங்களிடத்தில் வீடு பெண்ணுடையது. ஆண் வந்து இருப்பார்.”

நோரா கண்ணாடியைக் கழற்றினாள். “அயர்லாந்தில் பண்ணைக் குடும்பங்களின் கடதாசிகளோடுதான் பாதி ஆயுளைக் கழித்தேன். பெட்டி பெட்டியாக ஆண்களின் பெயர். பெண்ணின் பெயர் வந்தால் இன்னாருடைய விதவை என்று வரும். அதே பழக்கத்தில் இதிலும் அவர் பெயரை எழுதிவிட்டேன்.” சிவப்புப் பேனாவால் ஒப்பந்தத்தைக் குறுக்கே கீறினாள். “தன்னுடையதல்லாததை அவர் எப்படித் தர முடியும்? கொண்டுபோங்கள்.”

வீட்டுக்கு வந்து டின்னையும் உறுதியையும் மேசையில் போட்டேன். மாமாங்கத்தின் முகம் செத்துப்போயிற்று.

“மனிசி கேட்டாலும் குடுக்காதீங்க எண்டனீங்களாம். வெக்கமில்லையா? அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுற?”

அவர் டின்னைத் தன் பக்கம் இழுத்தார்.

“அந்த வீடும் உன்ர பேரில. இந்த வீட்டு வாடகைச் சீட்டும் உன்ர பேரில. காரும் உன்ர பேரில” என்றார். “நான் வெறுங்கையோட வந்தவன். அந்தப் பொம்பிள என்ர பேர எழுதிப் பெட்டியில ஒட்டேக்க, எண்பது வருசத்துக்கு ஒருத்தரும் கழட்டக் கூடாது எண்டு நினைச்சிட்டன்.”

இத்தனை வருடம் பக்கத்தில் படுத்த எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தேன். கோபம் மட்டும் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

“பெட்டிய என்ன செய்தாங்க?” என்று கேட்டார்.

“அங்கதான் கிடக்கு. வெறும் பெட்டி.”

அவர் தலையாட்டினார். டின்னின் மூடியைத் திறந்தார், மூடினார்.

“இஞ்சாருங்க. கிருசாந்திக்கு எழுதுற உறுதிக்கு ரெண்டு சாட்சி வேணும்” என்றேன். “உங்களுக்கும் டிக்கட் எடுக்கிறன். வந்து ஒரு கையெழுத்து வையுங்க.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“முழுப் பேரையும் எழுத விடுவாங்களா?”