பூசி மறைக்காத விரிசல்

வாடகைக்கு விடலாம் என்றுதான் அக்காவும் தம்பியும் சேர்ந்து அந்த வீட்டை வாங்கினார்கள். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ், கல்யாணம் ஆகாதவள். தம்பி லாரி வைத்து ஓட்டியவன். "வயசான காலத்துல நீ யாரு கையையும் எதிர்பார்க்கக் கூடாதுக்கா" என்று சொல்லிச் சொல்லியே அவளைச் சம்மதிக்க வைத்தான். அவள் சேமிப்பெல்லாம் அதில் போயிற்று. அவனும் சொந்த லாரியை விற்றுவிட்டு அடுத்தவன் வண்டியில் ஏறினான்.

முதல் கோடையிலேயே சமையலறைச் சுவரில் தலைமுடி போல ஒரு கோடு விழுந்தது. கொத்தனார் பூசிவிட்டுப் போனார். மழை வந்ததும் கதவு மூடமாட்டேன் என்று அடம் பிடித்தது. மறு கோடையில் விரிசலுக்குள் விரலே நுழைந்தது. குடியிருந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்தார்கள்.

எஞ்சினியர் வந்து சுவரோரம் குழி தோண்டச் சொன்னார்.

"முழுக்கக் களிமண்ணும்மா. மழையில ஊதும், வெயில்ல சுருங்கும். வீடும் கூடவே ஏறி இறங்குது. அஸ்திவாரம் கெட்டி மண்ணு வரைக்கும் போயிருக்கணும். இது மேலாப்புல நிக்குது."

"சரி பண்ண முடியாதா சார்?"

"அதுக்குப் புதுசாவே கட்டிடலாம்."

வாங்கும்போது தரையின் பளபளப்பை இருவரும் குனிந்து குனிந்து பார்த்திருந்தார்கள். அதற்குக் கீழே என்ன மண் என்று கேட்கத் தோன்றவில்லை.

தம்பி விரிசலை அடைத்து, பெயின்ட் அடித்து, வாங்க ஆள் கூட்டி வந்தான். இளம் தம்பதி. அந்தப் பெண் நிறைமாதக்காரி. சமையலறைச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கியவள், "தொட்டிலை இங்கேயே போட்டுக்கலாம். சமைச்சுக்கிட்டே பாத்துக்குவேன்" என்றாள்.

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி கண்ணாலேயே கெஞ்சினான்.

"இந்தச் சுவரு நிக்காதும்மா, வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவர்கள் போனபிறகு தம்பி, "யாரோ பெத்த பிள்ளைக்காக என் வயித்துல அடிச்சிட்டியேக்கா" என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

வீட்டை இடித்து, நிலத்தை அடிமாட்டு விலைக்குத் தள்ளினார்கள். கையெழுத்துப் போட வந்த இடத்தில்கூட அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மனசு கேட்காமல் ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி வாசலிலேயே நின்றாள்.

"அவரு லோடு ஏத்தப் போயிருக்காரு அண்ணி."

அவன் செருப்பு வாசலில் கிடந்தது. அக்கா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததைத் தம்பி மனைவியும் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பையை அவள் கையில் கொடுத்து, "நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லும்மா" என்று உள்ளே கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டு, அக்கா படியிறங்கினாள்.