கட்டிலில் என் பக்கம்

எங்கள் பழைய மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. எந்த ஓரத்தில் படுத்தாலும் கொஞ்ச நேரத்தில் இருவரும் அந்தப் பள்ளத்துக்கு உருண்டு வந்துவிடுவோம். கல்யாணமான புதிதில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பிறகு அவருக்கு முதுகுவலி வந்தது, எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. புது மெத்தை வாங்குவது என்று முடிவானது.

முதலில் எங்கள் வீட்டு நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில், அடுப்புப் பிரிவில் இரவு வேலை. எனக்குக் கூரியர் அலுவலகத்தில் பகல் வேலை. அது முடிந்தால் நேரே மாலை வகுப்பு, கணக்கியல். நான் வகுப்பிலிருந்து திரும்பும்போது அவர் கிளம்பிப் போயிருப்பார். அவர் காலையில் வரும்போது நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன். கட்டில் ஒன்றுதான். ராத்திரி அது என்னுடையது, பகலில் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொது.

மெத்தைக் கடைக்கோ ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அதனால் வேலை முடிந்து வரும் வழியில் தானே போய்ப் பார்த்துவிடுவதாக அவர் சொன்னார். நானும் சரி என்றேன். சரி என்று சொன்னது நான்தான், அதில் சந்தேகமில்லை.

அன்று மதியம் அலுவலகத்தில் இருக்கும்போது சிட்டு போன் செய்தாள். சிட்டு அவருடைய அத்தை மகள். இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அவரை 'டேய்' என்று கூப்பிடும் உரிமை அவளுக்கு மட்டும்தான். எங்களுக்கு அடுத்த தெருவில் ஓர் எலும்பு டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். அதனால் முதுகு, கழுத்து, முட்டி எதைப் பற்றியும் யாரும் கேட்காமலே பேசுவாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் என்னைப் புதுப்பொண்ணு என்றுதான் கூப்பிடுகிறாள்.

"புதுப்பொண்ணே, வேலை முடிஞ்சுது. மெத்தைக்குச் சொல்லியாச்சு."

"நீங்களும் போயிருந்தீங்களா?"

"பின்ன? இவனைத் தனியா விட்டா கடைக்காரன் தலையில மிளகா அரைச்சிருவான். அந்தக் கடையில ஒரு முறை வச்சிருக்காங்க தெரியுமா? ஆளுக்குப் பாதி. அவங்கவங்க உடம்புக்கு ஏத்த மாதிரி ரெண்டு பாதி வெட்டி, ஒரே உறைக்குள்ள வச்சுத் தைக்கிறாங்க. ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து படுத்துப் பாத்தாத்தான் வெட்டுவாங்களாம்."

"ரெண்டு பேருமா?"

"உன் பக்கத்துல நான் படுத்துட்டேன். நீயும் நானும் ஒரே உயரம்தானே? அவன் தலையைச் சாய்ச்சதும் குறட்டை. ராத்திரி பூரா நின்னுட்டு வந்தவன் பாவம், என்ன பண்ணுவான்? நான்தான் எல்லாத்தையும் சொன்னேன். அவனுக்கு மெத்துமெத்துன்னு இருக்கணும். சின்னப் பிள்ளையில துவைச்ச துணி குவிஞ்சு கிடந்தா போதும், விழுந்து தூங்கிருவான். அவன் எப்படித் தூங்குவான்னு எனக்குத் தெரியாதா?"

போனை வைத்த பிறகு ஒரு பார்சலுக்கு அனுப்புநர் விலாசத்தையே பெறுநர் விலாசமாகவும் அடித்தேன். எனக்கு அப்படித் தப்பு வராது.

அவர் எப்படித் தூங்குவார் என்று எனக்குத் தெரியுமா? யோசித்துப் பார்த்தேன். அந்தப் பள்ளத்தில் இரண்டு பேர் கிடந்தால் யார் எப்படித் தூங்குகிறார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? வலப்பக்கம் ஒருக்களித்து என்று நினைத்தேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கட்டினவளுக்குத் தெரியாதது அத்தை மகளுக்குத் தெரிந்திருக்கிறது.

மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அத்தை பொண்ணா? கல்யாணம் ஆயிருச்சா அவளுக்கு?"

"இல்ல."

"உன் புருஷன் பக்கத்துல, உன் இடத்துல, கடையில நாலு பேர் பாக்கப் படுத்திருக்கா. நீ இங்க உக்காந்து தேய்மானக் கணக்கு போட்டுட்டு இருக்க."

"முதுகுக்காகத்தான் படுத்தாங்க."

"எல்லாம் முதுகுல ஆரம்பிக்கிறதுதான்," என்று சொல்லி அவள் பென்சிலைச் சீவினாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். கழுத்தில் அளவு நாடா தொங்க ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், இரண்டு கண்ணும் தூக்கக் கலக்கத்தில் இருந்தன. மெத்தைக் கடையில் இருப்பவருக்கே தூக்கம் போதவில்லை போலிருக்கிறது. ஆர்டர் யாருடையது என்று சொன்னேன்.

"ஞாபகம் இருக்கு. அவரு நல்லாத் தூங்கினாரு, எழுப்பவே பாடாப் போச்சு. கூட வந்தவங்க நல்லா விவரம் சொன்னாங்க. நீங்க யாரு, அவங்க தங்கச்சியா?"

"நான்தான் அவர் மனைவி."

அவர் நாடாவைச் சரிசெய்துகொண்டார். "அப்படீங்களா. அவர் பாதியை வெட்டியாச்சும்மா. உங்க பாதி இன்னும் வெட்டல."

"அவங்க எனக்கு என்ன சொல்லியிருக்காங்க?"

"அதுவும் மெதுசுதான். ஒருக்களிச்சுப் படுக்கிறவங்களுக்குத் தோள் உள்ள அமுங்கணும் பாருங்க. தலையணை கொஞ்சம் உசரமா."

"அதுக்கு நேர் எதிரா எது இருக்கு?"

"எதிரான்னா?"

"கெட்டியா. இருக்கறதுலயே கெட்டியா."

அவர் என்னை உள்ளே கூட்டிப்போய் ஒரு மெத்தையில் படுக்கச் சொன்னார். பலகையில் படுத்த மாதிரி இருந்தது. என்னை மல்லாந்து படுக்க வைத்து, இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் ஓர் அளவுகோலை நுழைத்தார். எங்கும் முட்டாமல் அது மறுபக்கம் வந்துவிட்டது.

"பாத்தீங்களா, இடுப்பு அந்தரத்துல நிக்குது. இது உங்களுக்கு ஆகாதும்மா. அவங்க சொன்னதுதான் சரி."

கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவேளை நான் கேட்டிருப்பேன்.

"எனக்குக் கெட்டியாத்தான் பழக்கம்," என்றேன். பொய். "தலையணையும் தட்டையா வேணும்."

"உங்க இஷ்டம். வெட்டினப்புறம் மாத்த முடியாது."

"மாத்த மாட்டேன்."

மெத்தை வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மெத்தை, ஒரே வெள்ளை உறை. கையை வைத்து அழுத்தினால்தான் வித்தியாசம் தெரியும். கதவுப் பக்கம் அவர் பாதி, சுவர்ப் பக்கம் என் பாதி. நான் கடைக்குப் போனதை அவரிடம் சொல்லவில்லை.

முதல் இரவே எனக்குத் தோள் மரத்துப் போனது. மல்லாந்தால் இடுப்பு வலித்தது, குப்புறப் படுத்தால் மூச்சு முட்டியது. ஒரே ஒரு நிமிஷம் என்று அவர் பாதிக்கு நகர்ந்தேன். கண் விழித்தபோது அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நல்ல தூக்கம் எனக்கு எப்போது வந்தது என்று ஞாபகமில்லை. எழுந்து உட்கார்ந்ததும் முதலில் வந்தது கோபம்தான். தோளை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்துக்கொண்டது அந்த மெத்தை. இடுப்பைத் தாங்கிக்கொண்டது. சிட்டு சொன்ன மெத்தை அது. அவள் எனக்காகச் சொல்லியிருந்த பாதியும் இப்படித்தான் இருந்திருக்கும். அதை வேண்டாம் என்றவள் நான்.

அவர் வருவதற்குள் விரிப்பை இழுத்துவிட்டு, அவர் தலையணையைத் தட்டி, யாரும் படுக்காத மாதிரி ஆக்கினேன். அதுவே தினசரி வேலையானது.

இரண்டு மூன்று நாள் கழித்து, இரவு வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஒன்றைக் கவனித்தேன். என் பாதியில் விரிப்பு கசங்கியிருந்தது. என் தட்டைத் தலையணையின் நடுவில் ஒரு குழி இருந்தது. காலையில் நான் சரிசெய்து வைத்தது நன்றாக நினைவிருந்தது. நினைவு என்று நம்பிவிடக் கூடாது என்பதால் மறுநாள் என் தலையணை உறையின் திறந்த வாயைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனேன். இரவு வந்து பார்த்தபோது அது கதவுப் பக்கம் திரும்பியிருந்தது.

அவர் தூங்குவது அவர் பாதியில். அப்படியானால் பகலில் என் பாதியில் படுப்பது யார்?

சமையலறைத் தொட்டியில் சிட்டுவின் சாப்பாட்டு டப்பா கழுவாமல் கிடந்தது. டாக்டர் மதியம் வெளியே போகும் நாட்களில் அவள் எங்கள் வீட்டில் வந்து சாப்பிடுவாள். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்று அந்த டப்பாவை அப்படியே விட்டுவிட்டு மறுபடி கட்டிலுக்குப் போனேன். தலையணையில் ஒரு நீள முடி இருந்தது. அதை எடுத்து என் முடியோடு வைத்துப் பார்த்தேன். என்னுடையதாக இருக்கலாம், அவளுடையதாகவும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் ஒரே நீளம், ஒரே கறுப்பு. உயரம் மட்டுமா ஒன்று!

அவரிடம் கேட்டிருக்கலாம். அவர் வரும்போதும் நான் போகும்போதும் வாசலில் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் 'என் இடத்தில் யார் படுக்கிறார்கள்?' என்று எப்படிக் கேட்பது? அவர் பதிலுக்கு, 'என் இடத்தில் நீ ஏன் படுக்கிறாய்?' என்று கேட்டால்? வகுப்பில் பற்றும் வரவும் ஒத்துப்போகவே இல்லை. பக்கத்து இருக்கைக்காரி என் தாளைப் பார்த்து, "முகம் ஏன் இப்படி இருக்கு? முதுகா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சிட்டுவைச் சாப்பிடக் கூப்பிட்டது நான்தான். அவர் ஆச்சரியப்பட்டார். அவளை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து முகத்தைப் பார்க்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கள்ளத்தனம் இருந்தால் முகத்தில் தெரியாமலா போகும்?

சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள். "எங்க, என் மெத்தையைக் காட்டுங்க பாப்போம்!"

என் மெத்தையாம். நான் முன்னால் போய் அறைக் கதவைத் திறந்தேன்.

"இதுதானே புதுப்பொண்ணு பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே அவள் ஓடிவந்து சுவர்ப் பக்கப் பாதியில் தொப்பென்று விழுந்தாள். விழுந்த வேகத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அய்யய்யோ! என் இடுப்பு போச்சு! என்னடா இது, மெத்தையா, துவைக்கிற கல்லா? நான் சொன்னது இது இல்லையே!"

அவள் முகத்தைப் பார்த்தேன். வலியும் திகைப்பும்தான் இருந்தன. ஒரு தடவையாவது அதில் படுத்திருந்தால் அப்படி விழுந்திருக்க மாட்டாள். எனக்குள் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. அடுத்த கணமே, அப்படியானால் யார் என்ற கேள்வி இன்னும் பெரிதாக நின்றது.

"கடைக்காரன் ஏமாத்திட்டான். நாளைக்கே போய் அவனை உண்டு இல்லைன்னு பண்றேன்," என்று குதித்தாள் சிட்டு. "பாவம்டா இவ. இதுலயா தினம் படுக்கிறா?"

"அவன் ஏமாத்தல," என்றேன். "நான்தான் போய் மாத்தினேன்."

"ஏன்?"

நான் விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் உதட்டோரம் சிரிப்பு வந்தது. புரிந்துவிட்டது என்று தெரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் கதவில் சாய்ந்துகொண்டு தலையைச் சொறிந்தார். "மாத்தாதீங்கப்பா. அது நல்லாத்தான் இருக்கு."

"உனக்கென்னடா தெரியும்?"

"நான் அதுலதான் தூங்குறேன்."

நாங்கள் இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"அந்தப் பக்கம் படுத்தா புதைகுழியில விழுந்த மாதிரி இருக்கு. முதுகு பிடிச்சுக்குது. வேலையில இடைவேளை கிடைச்சா மாவு மூட்டை மேலதான் சாயறேன். இத்தனை வருஷமா அப்படியே பழகிருச்சு. கெட்டியா இருந்தாத்தான் தூக்கம் வருது."

"சின்ன வயசுல துணிக் குவியல்ல..." என்று தொடங்கினாள் சிட்டு.

"அது சின்ன வயசுல."

அந்த மூன்று சொற்களைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் நியாயமானதா என்று தெரியவில்லை. அவளுக்கு ஒரு பையனைத் தெரியும். மாவு மூட்டைக்காரரை அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாதுதான். ஆனால் தெரியாதவர்களில் நானும் அவளும் இப்போது சமம்.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்றாள் அவள்.

"நீ எங்க என்னைச் சொல்லவிட்ட? நான் தூங்கிட்டேன். எந்திரிச்சப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. வாங்கின புதுசுல குறை சொல்ல வேணாம்னு இருந்தேன். இவ வேற ஆசையா அவ பக்கத்தைத் தினம் தட்டித் தட்டி வைக்கிறா. கேக்காம படுக்கிறோமேன்னு கூச்சமா இருந்துச்சு."

"அது சரி. இவன் உன் பக்கத்துல தூங்கினா, நீ எங்க தூங்கற?" என்று சிட்டு என் பக்கம் திரும்பினாள்.

சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. "அவர் பக்கத்துல," என்றேன்.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

"பரவாயில்லையாம்! நான் எடுத்தது பரவாயில்லையாம்டா!" என்று கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "புதுப்பொண்ணே, கடைசியில நான் உனக்குச் சொன்ன மாதிரி மெத்தையிலதான் நீ படுக்கிற. பேசாம இடத்தை மாத்திக்குங்க. நீ கதவுப் பக்கம் வந்துரு."

அப்படியே ஆனது. தலையணைகளை இடம் மாற்றினார் அவர். "படுத்துப் பாரேன்," என்றார். சிட்டு நின்று பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "வாடா, அவ தூங்கட்டும், கண்ணுக்குக் கீழ பாரு எப்படிக் கறுத்திருக்கு," என்று சொல்லி அவரை முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

படுத்தேன். தோள் இடம் பார்த்து இறங்கியது. முன்னறையில் அவள் ஏதோ சொன்னாள், அவர் சிரித்தார். என்னிடம் அவர் அப்படிச் சிரித்ததில்லை என்று தோன்றியது. சிரித்திருப்பாரோ? என்ன சொன்னாள் என்று கேட்க வேண்டும். உடனே எழுந்து போய், தண்ணீர் குடிப்பதுபோல் நடுவில் நிற்க வேண்டும். மறுபடியும் சிரித்தார். இந்தத் தடவை இன்னும் சத்தமாக. காலைத் தரையில் வைக்கலாம் என்று முடிவுசெய்தேன். முடிவுசெய்தபடியே தூங்கிப்போனேன்.