லொறிராணி

லொறி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தேயிலைக் கொழுந்து லொறியோ, மரக்கறி லொறியோ, எதுவானாலும் சரி. போன வருஷம் பொத்துவில்லில் என்னை ஒரு லொறியில் ஏற்றினார்கள். அன்றிலிருந்து இப்படித்தான்.

நான் போயிருந்தது ட்ரையத்லன் போட்டிக்கு. கடலில் நீந்தி, கரையேறி, சைக்கிள் மிதித்து, இறங்கி ஓடி, மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நீந்திவிட்டேன். சைக்கிளில்தான் போச்சு. குறித்த நேரத்துக்குள் வந்து சேராதவர்களைப் பின்னால் வரும் லொறி பொறுக்கிக்கொண்டு வரும். என்னையும் பொறுக்கியது. பிளாஸ்டிக் கதிரைகளுக்கும் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவில் உட்கார வைத்து, முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில், அத்தனை சனத்துக்கு முன்னால் பின்கதவைத் திறந்து இறக்கிவிட்டார்கள். மானம் கப்பலேறிவிட்டது என்பார்களே, என் மானம் லொறியேறியது.

யாரோ ஒரு புண்ணியவான் அதைப் போனில் படம் பிடித்திருக்கிறான். நான் பசறைக்கு வந்து சேர்வதற்குள் அந்த வீடியோ எங்கள் தோட்டம் முழுக்கச் சுற்றிவிட்டது. அன்றிலிருந்து ஜீவராணியாகிய நான் லொறிராணி ஆகிவிட்டேன். என் வீட்டுக்காரர் தயாபரன் தேயிலை பெக்டரியில் வேலை செய்கிறார். அவராவது ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தால், வாசலிலேயே கேட்டார்.

"ஏன்டி, லொறிக்கு டிக்கட் எடுத்தியா?"

அன்றைக்கு அவருக்குச் சோறும் இல்லை, ரொட்டியும் இல்லை. "அடுத்த வருஷம் என் சொந்தக் கால்ல கோட்டத் தாண்டுறேன். இனி ஒரு லொறியில ஏறினா எம் பேரு ஜீவராணி இல்ல" என்று வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். கத்திய பிறகுதான் பயம் வந்தது. இத்தனை பேர் காதில் விழச் சொல்லிவிட்டு, மறுபடியும் லொறியில் வந்து இறங்கினால் தோட்டத்தில் எப்படி முகம் காட்டுவது?

ஏன் தோற்றேன் என்பது எனக்கே விளங்கவில்லை. பசறையில் இருந்து பதுளைக்குப் போகும் பாதையில் நான் சைக்கிள் ஏற்றினால் பஸ் டிரைவர்மார் ஹோர்ன் அடித்துக் கை காட்டுவார்கள். பதுளையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஸப்ரான் தம்பியும் போட்டிக்குப் போகிறவர்தான். ஏற்றத்தில் அவரால் என்னைப் பிடிக்க முடியாது. அவர் பொத்துவில்லில் முடித்துவிட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் லொறியில் வந்து இறங்கினேன். இது எந்த ஊர் நியாயம்?

ஸப்ரான்தான் கண்டுபிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு சைக்கிளில் போனேன். ஒரு சின்ன ஏற்றத்தை ஏறி முடித்து, உச்சியில் பாதை கொஞ்ச தூரம் மட்டமாக ஓடும் இடத்தில், பின்னால் இருந்து கத்தினார்.

"அக்கா, நிப்பாட்டுங்க! உங்கட சைக்கிள் பேசுது, கேட்டீங்களா?"

"என்னா பேசுது?"

"டிக் டிக் டிக்னு. பிரீவீல் சத்தம். நீங்க மிதிக்காம இரிக்கிறீங்க அக்கா!"

அப்போதுதான் விளங்கியது. மலைநாட்டில் பிறந்தவளுக்கு ஏற்றம் முடிந்தால் அடுத்து இறக்கம். உயிரைக் கொடுத்து ஏறு, ஏறி முடித்ததும் காலை ஓயவிடு, சைக்கிள் தானாகப் போகும். சின்ன வயதில் இருந்தே என் கால் அப்படித்தான் பழகியிருக்கிறது. பொத்துவில் பாதையோ பலகை மாதிரி கிடந்தது. நான் கொஞ்சம் மிதித்துவிட்டு, இறக்கம் வரும் என்று காலை ஓயவிட்டிருக்கிறேன். இறக்கம் வரவே இல்லை. கடற்கரையில் இறக்கத்தைத் தேடிய பைத்தியக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"தட்டை ரோட்டுல நிக்காம மிதிச்சுப் பழகணும் அக்கா."

"தட்டை ரோட்டுக்கு நான் எங்க தம்பி போறது? பதுளையில தட்டையா இருக்கிறது பஸ் ஸ்டாண்ட் மட்டுந்தானே!"

அவர் சிரித்துவிட்டு, அடுத்த கிழமை ஓர் இரும்பு ஸ்டாண்ட் செய்து தந்தார். அதில் சைக்கிளை ஏற்றி வைத்தால் பின்சக்கரம் ஒரு கனமான உருளையின் மேல் சுற்றும். இருந்த இடத்திலேயே மிதிக்கலாம். மிதிக்கும்போது 'ஊ' என்று ஒரே சீராக ஒரு சத்தம் வரும். லயத்தில் அதை வைத்து முதல் நாள் மிதித்ததுமே பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருந்து சுவரில் தட்டினார்கள். இரண்டாம் நாள் ஆளே வந்துவிட்டார். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, நடுவில் இருப்பது ஒரே சுவர்.

அதனால் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு என் வேலை இடத்துக்கே போனேன். நான் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்க்கிறேன். காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகும்முன் அம்மாமார் கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போவார்கள். என்னோடு பாக்கியலெட்சுமி அக்காவும் இருக்கிறார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவோம். அதில் யது என்று ஒருவன், நிரஞ்சலாவின் மகன். அவன் தூங்கவும் மாட்டான், தூங்கும் பிள்ளையைத் தூங்கவிடவும் மாட்டான். தொண்டை அப்படி. அவன் கத்தினால் அடுத்த மலையில் கொழுந்து பறிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அன்றைக்கு எனக்கு ஓய்வு நேரம். பாக்கியக்கா தொட்டில்களைப் பார்த்துக்கொள்ள, நான் வாசலோரம் சைக்கிளை ஏற்றி மிதிக்க ஆரம்பித்தேன். ஊ என்று சத்தம் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் பாக்கியக்கா வந்து என் தோளைத் தொட்டார்.

"அடியே, யது தூங்கிட்டான்டி!"

"என்னாக்கா சொல்றீங்க?"

ஆச்சரியத்தில் மிதிப்பதை விட்டுவிட்டேன். ஊ சத்தம் நின்று, டிக் டிக் டிக் என்று பிரீவீல் பேசியது. அவ்வளவுதான். யது வீல் என்று கத்தினான். அவன் கத்த, தொட்டிலில் கிடந்த அத்தனையும் சேர்ந்து கத்தியது. ஐயோ சாமி! "மிதிடி, மிதிடி!" என்று பாக்கியக்கா குதித்தார். மிதித்தேன். ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிவிட்டார்கள்.

அப்படித்தான் எனக்கு ஒரு கோச் வாய்த்தான். பல்லே முளைக்காத கோச். கால் வலிக்கிறது என்றால் கேட்க மாட்டான், தாகம் என்றால் கேட்க மாட்டான். கொஞ்சம் ஓயவிட்டால் போதும், கத்திவிடுவான். போத்தலை எடுத்துத் தண்ணீர் குடிப்பதைக் கூட மிதித்துக்கொண்டே பழகினேன்.

ஒருநாள் தொழிலாளர் நலனைப் பார்க்கும் தோட்டத்து வெல்பெயார் ஐயா ரெங்கசாமி திடீரென்று வந்து நின்றார். பிள்ளைக் காம்பராவில் சைக்கிளா என்று அவர் முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா இது கூத்து? நிப்பாட்டுங்க மொதல்ல!" என்றார். மரியாதைக்கு நிறுத்தினேன். என்ன நடந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? யதுவைத் தூக்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு பாக்கியக்கா மற்றப் பிள்ளைகளிடம் ஓடினார். ஐயா ஆட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், சட்டையும் நனைந்துவிட்டது. கடைசியில், "அம்மா, புண்ணியமாப் போகும், மிதிங்க!" என்றார். அதற்குப் பிறகு அவர் சைக்கிளைப் பற்றி மூச்சே விடவில்லை.

சைக்கிள் மட்டும் போதுமா? விடியற்காலையில், பெரட்டுக்கு ஆட்கள் கிளம்பும்முன், தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் ஓடுவேன். மழைநாளில் நின்று மூச்சு வாங்க வழியே இல்லை, நின்றால் அட்டை ஏறிவிடும். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் பஸ் பிடித்துப் பதுளைக்குப் போய் நீச்சல் தடாகத்தில் இறங்குவேன். ஞாயிறு ஸப்ரானோடு நீண்ட சைக்கிள். திங்கட்கிழமை உடம்பை அசைக்கவே மாட்டேன். அன்றைக்குத் தயாபரன்தான் ரொட்டி சுட்டு, கட்டசம்பலும் இடித்து வைப்பார். ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்காது. "லொறிக்காரன் உன்னையத் தேடிக்கிட்டு இருப்பான், போய்ப் பாத்துட்டு வா" என்பார். நானும் பதிலுக்கு அவர் நல்லா வாங்கிக் கட்டிக்கொள்ளும்படி சொல்வேன். மாதக்கணக்கில் இதே பாட்டுத்தான்.

போட்டி நெருங்கியது. "ஞாயிற்றுக்கெழம பெக்டரியில வேல இருக்கு, நீ அந்தத் தம்பி குடும்பத்தோட போயிட்டு வா" என்று தயாபரன் கையை விரித்துவிட்டார். பாக்கியக்காவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்கு வயித்து வலிடி" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. லொறியில் வந்து இறங்குவதைப் பார்க்க வெட்கப்படுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை ஸப்ரானும் அவர் மனைவி ஷஹீலாவும் என்னை வேனில் கூட்டிப் போனார்கள்.

ஞாயிறு காலை கடலில் இறங்கினேன். உப்புத் தண்ணீர் நன்றாகவே தூக்கிக் கொடுத்தது. கரையேறிச் சைக்கிளில் உட்கார்ந்ததும் முகத்தில் அடித்தது காற்று. பாதை போன வருஷம் மாதிரியே நீட்டி நிமிர்ந்து கிடந்தது. பின்னால் அதே லொறி புகை விட்டுக்கொண்டு நின்றது.

மிதித்தேன். கொஞ்ச தூரம் போனதும் கால் தன் பழைய புத்தியைக் காட்டியது, போதும் ஓயவிடு என்றது. அந்த நேரம் பக்கத்தில் போன ஒருவரின் சைக்கிளில் இருந்து டிக் டிக் டிக் என்று சத்தம் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, பிள்ளை எழும்பிவிடுமே! கால் தானாக மிதித்தது. அதற்குப் பிறகு ஓயவில்லை. காற்று தள்ளினாலும் மிதித்தேன், தண்ணீர் குடித்துக்கொண்டே மிதித்தேன். முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக ஓயவிடும் சத்தம் கேட்டது, ஒவ்வொருவராகத் தாண்டினேன். திரும்பி வரும் வழியில் எதிரே லொறியைப் பார்த்தேன். அது எனக்கு எவ்வளவோ பின்னால் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. "போடா!" என்று அதைப் பார்த்துக் கத்தினேன். டிரைவர் என்ன நினைத்தாரோ, கையை ஆட்டினார்.

குறித்த நேரத்துக்கு முன்பே சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். இனி ஓட்டம்தான். அங்கேதான் வெயில் தன் வேலையைக் காட்டியது. பசறைக் குளிரில் ஓடிப் பழகிய உடம்பு அது. மண்டை கொதித்தது, தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. கடைசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் நடக்க ஆரம்பித்தேன். பிறகு நடக்கவும் முடியாமல், முழங்காலில் கையை ஊன்றி நின்றுவிட்டேன். இவ்வளவு தூரம் வந்தும் முடிக்க முடியாதா?

வீல் என்று ஒரு சத்தம்.

அந்தத் தொண்டை எனக்குத் தெரியாதா? நிமிர்ந்து பார்த்தேன். பாதையோரம் பசறை மரக்கறிக் கடைக்காரரின் லொறி நின்றது. அதற்குள் எங்கள் தோட்டத்துப் பெண்கள், பிள்ளைகள். முன்னால் நிரஞ்சலா யதுவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். அவன் வெயிலில் முகம் சிவந்து கத்திக்கொண்டிருந்தான். வயிற்றுவலிக்காரி பாக்கியக்கா லொறிப் பலகையில் ஏறி நின்று கையை வீசினார்.

"நிப்பாட்டாதடி! புள்ள கத்துதுல்ல! மிதிடி!"

சைக்கிளே இல்லை, எதை மிதிப்பது? சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஓடினேன். கால் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், வந்தது. லொறி முழுக்க, "ராணி! ராணி!" என்று கத்தினார்கள். கோட்டின் அந்தப் பக்கம், பெக்டரியில் வேலை இருந்த மனிதர் தயாபரன், தொண்டைத் தண்ணி வற்ற என் பேரைக் கத்திக்கொண்டு நின்றார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தாண்டினேன். என் கால், என் சொந்தக் கால்! அப்படியே அவர் மேல் விழுந்து ஓவென்று அழுதேன். அவர் கண்ணிலும் தண்ணீர். "ஒரு மாசமா பேசி வச்ச லொறிடி இது. உங்கிட்ட மறைக்கிறதுக்குள்ள எனக்கு உசுரு போயிருச்சு" என்றார்.

கழுத்தில் மெடலைப் போட்டுவிட்டார்கள். ஊர் திரும்பும் நேரம் எல்லாரும் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் கீழே நின்றேன்.

"லொறியிலயா? நான் சபதம் போட்டிருக்கேன்ல!"

"இந்தத் தடவ டிக்கட் எடுத்தாச்சு, ஏறுடி" என்று தயாபரன் கையை நீட்டினார்.

ஏறினேன். நடுவில் பாய் விரித்து என்னை உட்கார வைத்து, மடியில் யதுவையும் போட்டார்கள். பொத்துவில்லில் இருந்து லொறி ஊ என்று ஒரே சீராக ஓடியது. பிள்ளைகள் அத்தனை பேரும் தூங்கிவிட்டார்கள். யது என் மெடலைப் பிடித்துக்கொண்டே தூங்கினான். படல்கும்புர டவுனில், பிளேன்டீ குடிக்கலாம் என்று டிரைவர் லொறியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். வீல் என்று ஒன்று ஆரம்பிக்க, லொறி முழுக்கக் கத்தல்.

"டிரைவர் அண்ணே, நிப்பாட்டாதீங்க!" என்று எல்லாரும் சேர்ந்து கத்தினோம். அதில் என் சத்தம்தான் பெரிது.