ஐஸ் இல்லாத மண் ஜாடி

...அடுத்த திருப்பத்தில் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று மூன்று திருப்பம் தாண்டியாயிற்று, ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு வருகிறாள், வாய்தான் திறக்க மாட்டேன் என்கிறது. நல்லவேளை, முதுகுக்குக் கண் இல்லை... அம்மா ஏதோ பாட்டு முணுமுணுக்கிறாள், ஏன் பாடமாட்டாள், சோதனைக்கூடத்து அறிக்கை வந்துவிட்டதே, மண் சுத்தமாம், பத்து மணிக்குச் சூட்டை நிறுத்திக் குழாய்களைப் பிடுங்கப் போகிறார்களாம். பழைய பெயிண்ட் ஆலை நிலத்தில் ஊற்றிவிட்டுப் போன விஷம், மூன்று மாதமாக இரும்புக் குழாய்களை இறக்கிச் சூடேற்றுகிறார்கள், அம்மாதான் மண் எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறவள். மண்ணை எரிச்சிடுவீங்களாம்மா என்று தம்பி கேட்டதற்கு, "எரிச்சா புகையா வந்து நம்ம மூக்குலதான்டா ஏறும். இது ஈரத்துணி காயற மாதிரி. சூடு பட்டா விஷம் ஆவியாக் கிளம்பும், அதை உறிஞ்சிக் கரித் தொட்டியில புடிச்சுக்குவோம்" என்றாள். அப்ப நான் எப்ப அங்க பந்து விளையாடலாம் என்றான் அவன், கை கழுவாமல் தின்கிற பயல், அந்த மண்ணில் முதலில் உருளப்போவது அவன்தான். சூடு பட்டால் ஆவியாகும் என்றால்... ஜாடிக்குள்ளும் ஆகும்தானே?

போகாதே என்று சொல்லியும் விளையாடப் போய் இவள் கால் பிசகிய அன்றுதான் அம்மா மண் ஜாடியை ஐஸ் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள், காலையில் அனுப்புவதற்கு. இவள் அம்மாவுக்குத் தெரியாமல் ஐஸ் பைகளை எல்லாம் உருவிக் காலில் கட்டிக்கொண்டு தூங்கிப்போனாள். ஜாடி ராத்திரி முழுக்க அடுப்படிப் புழுக்கத்தில், மூடி வேறு தளர்ந்து... விடியுமுன் எழுந்து மூடியைத் திருகி, பைகளை ஃப்ரீசரில் இறுக வைத்துத் திருப்பி அடுக்கினாள். பதினாறு வயதுக்கு எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! ஜாடி சில்லென்றுதான் சோதனைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஆனால் உள்ளே இருந்த விஷம்? நிலத்திலிருந்து போயிற்றா, ஜாடியிலிருந்து போயிற்றா?

"அம்மா, வண்டிய நிறுத்தேன்."

"ஏன்டி, வாந்தி வருதா?"

வாந்திதான், வார்த்தையாக வந்தது, மூச்சுவிடாமல், அழுகையோடு. அம்மா ஹெல்மெட்டைக் கழற்றினாள். "எல்லா ஐஸையுமா? ஒரு பை பத்தாதா உனக்கு, யானைக் காலா அது?" பிறகு மேஸ்திரிக்குப் போன் போட்டாள். "அண்ணே, சூட்டை நிறுத்தாதீங்க. மறுபடி மண் எடுக்கணும். தப்பு எங்க வீட்டுலதான்."

"ஏம்மா, குழாய் புடுங்கறதைப் பாக்க ஒரு கூட்டமே வந்து நிக்குது, நான் என்ன சொல்றது?" மேஸ்திரியின் குரல் போனைத் தாண்டிப் பின்சீட்டு வரைக்கும் கேட்டது.

"இன்னும் வேகலன்னு சொல்லுங்க."

ஸ்கூட்டர் கிளம்பியது. அம்மா இப்போது பாடவில்லை, திட்டவும் இல்லை. ஒரு வாரமாக மூடிவைத்ததைச் சொல்லியாயிற்று... புது ஜாடியும் சுத்தம் என்றே சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். இத்தனை நாள் அகப்படக் கூடாது, அகப்படக் கூடாது என்றுதானே வேண்டிக்கொண்டிருந்தோம், மண் சுத்தமாகணும் என்று ஒரு தடவையாவது... இல்லை, இப்போதுதான், இதுதான் முதல் தடவை.