இரண்டாவது சாட்சி

என் அண்ணி பொய் சொன்னாள். அதுவும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ஈரத்துணியை உதறிக்கொண்டே, என் முகத்துக்கு நேராக.

"மாங்குயிலா? நான் எதையும் பாக்கல."

காலையில் ஜன்னலோரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது பின்னே யாராம்? இந்தக் குளிர்தேசத்தில், வெண்பனி மூடிய என் கொல்லையில், கம்பியில் குத்திவைத்த அரை ஆரஞ்சுப் பழத்தில், மாங்குயில் மஞ்சளாகப் பளீரென்று உட்கார்ந்திருந்தது. குளிர் தொடங்குமுன்பே வெயில் உள்ள நாட்டுக்குப் போயிருக்க வேண்டிய பறவை.

பருவம் தப்பி வரும் பறவையை இன்னொருவரும் பார்த்ததாகச் சொன்னால்தான் எங்கள் பறவைக் குழு பதிவு செய்யும். என் கொல்லையைப் பார்க்கும் வேறு ஜன்னல் அண்ணியுடையது மட்டுமே. வீடு பாகம் பிரிந்ததிலிருந்து என்னைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. என் கைபேசிப் படத்தில் விழுந்ததோ வெறும் மஞ்சள் கறை.

"கண்ணாடிக் கடையில வேலை பாக்கறீங்க, முதல்ல உங்க கண்ணை டெஸ்ட் பண்ணிக்குங்க" என்றார் அன்று மாலைக் கூட்டத்தில் குழுத்தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் நாற்காலி எடுத்துப் போடத்தான் நான். ஒரே ஒரு தடவை என் பேச்சை நம்பினால் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மறுநாள் அண்ணி தன் பக்கம் ஆரஞ்சுப் பழங்களைத் தொங்கவிட்டாள். மாங்குயில் கட்சி மாறிவிட்டது. வார இறுதியில் தலைவரே கேமராவோடு அவள் கொல்லையில் வந்து நின்றார். அண்ணி அவருக்கு டீ கொடுத்தாள். என் பறவையைத் தன் பேரில் எழுதிக்கொள்ளப் போகிறாள்.

அவர் லென்ஸை மாட்டிக்கொண்டிருந்தபோதே ஜன்னலைத் திறந்து, இரண்டு பாத்திர மூடிகளை மோதி அடித்தேன். மாங்குயில் எழும்பிக் கூரையைத் தாண்டிப் பனிமூட்டத்துக்குள் போய்விட்டது.

"என்னம்மா இது? முதல்ல பாத்தது நீங்கதான்னு உங்க அண்ணி நேத்தே போன்ல சொல்லிட்டாங்க. உங்க பேர்லதான் பதிவே. படம் எடுக்க வசதியா இருக்கும்னுதான் பழத்தை இங்க கட்டினாங்களாம்" என்றார் தலைவர்.

"பாசம் பொங்கிச் செய்யல" என்றாள் அண்ணி. "தினம் இவ மூஞ்சியைப் பாக்க முடியல. பேர் வந்தா வாயை மூடிக்கிட்டு இருப்பாளேன்னு பாத்தேன்."

பறவை போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குளிரில், பழம் இல்லாமல், அது விடியும்வரை தாங்காது.

தலைவர் கைபேசியில் பதிவைத் திறந்தார். "பறவை எதனால போச்சுன்னு இதுல ஒரு கேள்வி இருக்கு. என்ன போட?"

"நடந்ததைப் போடுங்க" என்றாள் அண்ணி. "அதுக்கும் நானே சாட்சி."

அவர் என் பெயருக்குக் கீழே எழுதத் தொடங்கினார். இந்த முறை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.