மூன்றாவது டம்ளர்

என் புருஷன் செபஸ்டினை வெட்டியவனைவிட அவனோடு கூட வந்த இரண்டு பேர் மீதுதான் எனக்கு அருவருப்பு அதிகம். வெட்டிய ஆரோக்கியசெல்வம் செபஸ்டினுடைய பெரியப்பா மகன். அரியலூர் கோர்ட்டில் கல்லுளிமங்கனாக நின்றான். அவன் தம்பி பிரான்சிஸும், லாரி ஓட்டும் நல்லதம்பியும்தான் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளைகள். சமாதானம் பேசப் போகிறோம் என்று நம்பி வந்தார்களாம். சட்டைக்குள் அரிவாள் இருந்தது ஆரோக்கியசெல்வத்துக்கு மட்டும்தான் தெரியுமாம்.

பங்காளிகளுக்குப் பொதுவில் கிடந்த நிலத்தைச் சுண்ணாம்புக்கல் குவாரிக்கு விற்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று செபஸ்டின் சொன்னார். அவ்வளவுதான் தகராறு.

அரசு வக்கீல் தென்றல் மேடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "மூணு பேரும் ஒரே எண்ணத்தோட வந்தாங்கன்னு நிரூபிக்கணும் டீச்சர். இல்லைன்னா அந்த ரெண்டு பேரும் வூட்டுக்குப் போயிடுவாங்க."

பிரான்சிஸின் வீடு என் வீட்டுக்கு அடுத்த வீடு. ஜாமீனில் வந்து இப்போதைக்குத் திருச்சியில் கிடக்கிறான். விடுதலையானால் அவன் தினமும் பல் விளக்கிக் கொப்பளிப்பதை என் அடுப்படி ஜன்னலில் பார்த்துக்கொண்டே நான் சோறு வடிக்க வேண்டும்.

ஆனால் மனசுக்குள் இருக்கும் எண்ணத்தைக் கோர்ட்டில் எப்படிக் காட்டுவது? என்னிடம் இருந்தது மூன்று டம்ளர் தண்ணீர் மட்டும்தான்.

அன்று பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்று பேரும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் வைப்பது வழக்கம், வைத்தேன். ஒருவனும் தொடவில்லை. பகையாளி வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கை நனைத்துவிட்டால் அந்த வீட்டுக்குக் கெடுதல் செய்யக் கூடாது. உண்மையிலேயே சமாதானம் பேச வந்தவன் முதல் வேலையாக டம்ளரைத்தான் எடுத்திருப்பான். சாட்சிக் கூண்டில் இதைத்தான் சொன்னேன்.

அவர்களுடைய வக்கீல் சிரித்துக்கொண்டே போலீஸ் எடுத்த போட்டோவை நீட்டினார். அதில் இரண்டு டம்ளர்களில் தண்ணீர் நிறைந்திருந்தது. ஒன்று காலியாக இருந்தது.

"இந்த மூணாவது டம்ளர நல்லதம்பி குடிச்சிருக்காரு. அப்ப அவரு நல்ல எண்ணத்தோடதானே வந்திருக்காரு?"

"அதக் குடிச்சது என் வூட்டுக்காரரு. வெட்டுப்பட்டுக் கெடந்தவரு தண்ணி கேட்டாரு. கையில கெடச்சத எடுத்து வாயில ஊத்தினேன்."

"அதுக்கு யாராவது சாட்சி இருக்காங்களா?"

யாரைச் சொல்வேன்? குடித்தவர் கல்லறையில் இருக்கிறார். நான் இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். வக்கீல் தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு வியர்வையைத் துடைத்தார்.

அந்தக் கெட்டிக்காரத்தனம் வேப்பந்தட்டைப் பக்கம் நல்லதம்பியின் ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. கொலைக்குத் துணை போனவன் என்று தெரிந்தும் அந்த ஊர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அந்த வீட்டு ஆளையே வெட்டக் கொடுத்தான் என்றதும் அதற்கு மானம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. டீக்கடையில் அவன் வந்தால் எழுந்து போனார்களாம். ஒரு ஊரே இப்படி ஒரு தராசை வைத்துக்கொண்டு திரிகிறது. தூ!

சாட்சிகள் முடிந்ததும் நீதிபதியே குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்களைக் கேட்பார். நாங்கள் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்பார். எல்லாவற்றுக்கும் பொய் என்று சொன்னால் போதும். ஆரோக்கியசெல்வம் அப்படியே சொன்னான். பிரான்சிஸ் தண்ணீர் விஷயம் வந்ததும், "அப்ப தவக்காலமுங்கய்யா, நான் ஒருசந்தி" என்று நெஞ்சில் கை வைத்தான். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி நோன்பு இருப்பவன் தண்ணீர் குடிக்கலாம். அது தெரியாமலா ஞாயிற்றுக்கிழமைதோறும் கோவிலில் முன்வரிசையில் நிற்கிறான்?

அடுத்து நல்லதம்பி. பொய்ங்க, பொய்ங்க என்று கிளிப்பிள்ளையாக வந்தவன் அந்தக் கேள்வியில் நிமிர்ந்தான். பின்னால் அவன் சொந்தக்காரர்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"தண்ணீர் கொடுத்தும் நீங்கள் மூவரும் வாங்கிக் குடிக்கவில்லை என்று சாட்சி சொல்கிறார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

"அது உண்மைங்கய்யா."

அவனுடைய வக்கீல் இருமினார். நல்லதம்பி திரும்பிப் பார்க்கவே இல்லை.

"ஏன் குடிக்கவில்லை?"

"அந்த வூட்டுத் தண்ணிய வாயில வச்சிட்டு அப்புறம் அந்தக் காரியத்துக்கு எப்படிங்கய்யா கூட நிக்கிறது? நான் அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க. வேணும்னா என் புள்ள மேல சத்தியம் பண்றேன்."

பிரான்சிஸ் பல்லைக் கடித்தான். நீதிபதி அந்த வார்த்தைகளை அப்படியே எழுதச் சொன்னார். உயிரை எடுக்கத் துணை போக அஞ்சாதவன், ஒரு டம்ளர் தண்ணீரின் பழிக்கு அஞ்சி மூன்று பேர் கழுத்திலும் கயிற்றை மாட்டிவிட்டான். அப்போதும் அவன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

மூவருக்கும் ஆயுள் தண்டனை. தீர்ப்பில் தண்ணீரைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது என்று தென்றல் மேடம் சொன்னார். வெளியே வேனில் ஏற்றக் கூட்டிப் போனபோது நல்லதம்பி என்னைப் பார்த்து நின்று கும்பிட்டான்.

"டீச்சர், நான் குடிக்கலன்னு நீங்களே கூண்டுல ஏறிச் சொன்னீங்க. ரொம்ப நன்றிங்க. இல்லாட்டி எங்க ஊருல என் பேரு கெட்டுருக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "என் வூட்டுக்காரரு தண்ணி கேட்டப்ப நீ வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டுத்தானடா இருந்த?"

"ஆமாங்க டீச்சர்," என்றான், மரியாதை குறையாமல். "பாவம், ரொம்பத் தாகமா இருந்தாரு."

செருப்பைக் கழற்றி அவன் வாயிலேயே அடித்தேன். போலீஸ்காரர்கள் யாரும் தடுக்கவில்லை.