பாதியில் நின்ற சொல்

"இறக்க" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்தவள் கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்தினாள்.

பட்டறையில் எல்லோருக்கும் அவள் மேலக்கா. கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கண்ணாடிக் கூண்டுதான் அவள் இடம். கீழே நின்று அவளுக்கு வழி சொல்கிறவர் அவளுடைய அக்கா கணவர். தொங்குவது வீட்டளவு பெரிய இரும்புத் தொட்டி என்பதால், அதன் மறுபக்கம் நிற்கும் அவர் அவள் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ப்ளூடூத் ஹெட்செட்டில் வரும் குரல்தான் அவளுக்குக் கண். அதுவும் ஓயாத குரல். இறக்கு என்று சொன்ன கையோடு, "மெதுவா, மெதுவா, உங்கக்கா எங்கிட்ட அன்பு காட்டற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா" என்று தொட்டி தரையில் உட்காரும்வரை பேசிக்கொண்டே இருப்பார்.

இப்போது அந்த மெதுவா வரவில்லை. காதுக்குள் ஒன்றுமே இல்லை. அவள் யோசிப்பதற்கு முன்பே கை கைப்பிடியை விட்டுவிட்டது; தொட்டி நின்றது. அப்போதுதான் கீழே வெல்டிங் செய்துகொண்டிருந்தவர்கள் முகமூடியைத் தூக்கியெறிந்துவிட்டுக் கைகளை மேலே வீசிக் கத்துவது தெரிந்தது. தொட்டியைத் தூக்கினாள்.

மாமா தொட்டிக்குப் பின்னாலிருந்து வலது கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். கையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழுசாக இருந்தது. அவருடைய கையுறை மட்டும் தொட்டியை உட்கார வைக்கும் தாங்கியின் மேல் சப்பட்டையாக ஒட்டிக் கிடந்தது.

அவள் ஏணியில் இறங்கி அவரிடம் ஓடினாள்.

"இறக்காதன்னு சொன்னேம்மா. தாங்கி மேல கட்டைய நேரா வெச்சிட்டிருந்தேன்."

"இறக்கன்னுதான் கேட்டுச்சு மாமா. சத்தியமா அவ்ளோதான் கேட்டுச்சு."

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்கும் காத ஒரு தடவ காட்டிட்டு வந்துடுங்கம்மா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. தன் காதே தன்னை ஏமாற்றியிருந்தால்? பேருந்தில் போகும்போது பக்கத்து இருக்கைக்காரர்கள் பேசுவதை, ஒவ்வொரு வாக்கியமும் முடியும்வரை, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "உங்க மாமா வந்ததுலேர்ந்து வாயே திறக்கலடி. வாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரி உக்காந்திருக்காரு. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. வேலை ஜாஸ்தி," என்றாள். மாமாவும் பயந்துபோய்தான் இருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

காதில் குறையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "அப்பவே சொன்னேன், ஹெட்செட்டுதான் சரியில்ல," என்று மாமா பிடிவாதமாக நின்று, வைஃபை போட்டுக்கொடுத்த டெக்னீஷியனை வரவழைத்தார். சின்ன வயதுப் பெண். மேலக்காவைக் கூண்டில் ஏறச் சொல்லிவிட்டு, மாமாவின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தொட்டி நிற்கும் இடத்திலிருந்து எண்களைச் சொன்னாள். எல்லாம் தெளிவாக வந்தன. பிறகு மேலாளரிடம், புதிதாக மாட்டிய கேமராக்கள் எல்லாவற்றையும் திரையில் திறக்கச் சொன்னாள். மறுபடி எண்ணினாள். ஏழு வந்தது. எட்டு, எ என்று நின்றது. ஒன்பது வரவே இல்லை.

"ரெண்டும் ஒரே ரோடு," என்றாள் அந்தப் பெண், எல்லோரும் கீழே கூடியபோது. "ப்ளூடூத் காலியா இருக்கற இடமாப் பாத்துத் தாவித் தாவிப் போகும். இத்தன கேமரா ஒண்ணா வைஃபைல படம் அனுப்பினா ரோடே அடைச்சுக்கும். தாவ இடமில்ல. அதான் சொல்லு பாதில விழுந்துடுது. அன்னிக்கு யாராவது இத திறந்து வெச்சிருந்தீங்களா?"

மேலாளர் தலையைத் தடவினார். "பெரிய தொட்டி எறங்குதே, யாருக்கும் ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னு... எல்லாத்தையும் திறந்து வெச்சுத்தான் பாத்திட்டிருந்தேன்."

அந்தப் பெண் கேமராக்களை வேறு அலைவரிசைக்கு மாற்றினாள். கூண்டுக்குப் பக்கத்துத் தூணில் இருந்த வைஃபை பெட்டியைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டினாள்.

"இனிமே விட்டுப் போகாதுல்ல?" என்று மேலக்கா கேட்டாள்.

"ரொம்பக் குறைஞ்சிடும்க்கா."

"போகவே போகாதுன்னு சொல்லேன்."

அந்தப் பெண் கருவிகளைப் பைக்குள் வைத்தாள். "அப்படி யாராலயும் சொல்ல முடியாதுக்கா. குரல் வரலன்னா கைய எடுத்துடுங்க."

"வரலன்னா தெரிஞ்சிடும். பாதி வந்தா?"

அதற்கு மாமாதான் பதில் சொன்னார். இனி இறக்காதே என்ற சொல்லே கிடையாது. இறக்கு, இல்லாவிட்டால் நில்லு. எங்கே அறுந்தாலும் ஒன்று இன்னொன்றாகாது.

மதியம் தொட்டி மறுபடி கொக்கியில் ஏறியது. "இறக்கு," என்றார் மாமா. பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் இருந்தது. அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. கைப்பிடியில் இருந்த அவள் கை அசையவில்லை.

"மேலக்கா, இறக்கு. கேக்குதா?"

"கேக்குது மாமா."

கீழே எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். மாமா தொட்டியின் மறைவிலிருந்து அவளுக்குத் தெரிகிற வெட்டவெளிக்கு நடந்து வந்து நின்றார். தொட்டிக்கடியில் எதுவும் இல்லை, இதோ பார் என்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்து உயர்த்திக் காட்டினார். கொக்கியில் தொட்டி மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் நிழல் அவர் முகத்தின் மேல் ஏறி, விலகி, மறுபடி ஏறியது.